விஜய் டிவியின் நிகழ்ச்சிப் பட்டியலில் எதற்கு இடம்? ஒரு நிகழ்வு ஆய்வு

விஜய் டிவியில் இதுவரை ஒளிபரப்பான நிகழ்ச்சிகளைத் தொகுக்கும் பட்டியலில் ‘ராஜா ராணி’ என்று ஒரு வரி இருக்கிறது. எந்த ராஜா ராணி? 2013-இல் திரைக்கு வந்த படமா, 2017 முதல் 2019 வரை விஜய் டிவியில் ஓடிய தொடரா, 2020-இல் தொடங்கி 2023 வரை அதே சேனலில் ஓடிய ‘ராஜா ராணி 2’-ஆ? இரண்டு தொடர்களுக்கும் கதையில் எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டையும் இயக்கியவர் பிரவீன் பென்னட், இரண்டிலும் நாயகியாக வந்தவர் ஆல்யா மானசா. அதோடு சரி. இரண்டாவது தொடர், ஸ்டார் பிளஸில் வந்த ‘தியா அவுர் பாத்தி ஹம்’ என்ற இந்தித் தொடரின் தமிழ் ரீமேக். அந்த இந்தித் தொடரோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘என் கணவன் என் தோழன்’ என்ற பெயரில் டப் செய்யப்பட்டு விஜய் டிவியிலேயே ஓடி முடிந்திருந்தது.

ஆக, ஒரு கதை இரண்டு பெயரில் வந்திருக்கிறது. ஒரு பெயர் இரண்டு கதைக்குப் போயிருக்கிறது. அதே பெயரில் ஒரு படமும் உண்டு. பட்டியலில் இதற்கு எத்தனை வரி? ஒருவர் கதையைப் பார்த்து எண்ணுவார், இன்னொருவர் பெயரைப் பார்த்து எண்ணுவார். இருவர் கணக்கும் ஒத்துப்போகாது. சேனல் பட்டியல்களில் நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. சேர்ப்பு விதியை முதலில் எழுதாமல் பெயர்களை அடுக்க ஆரம்பித்துவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக வழக்காட வேண்டியிருக்கும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் விதி இது: இந்தச் சேனலில், இந்த மொழியில், இந்தத் தலைப்பில் முதன்முதலாக ஒளிபரப்பானது எதுவோ அதற்கு ஒரு வரி. கதை யாருடையது, பணம் போட்டது யார், எங்கே படம் பிடித்தார்கள் என்பதெல்லாம் அந்த வரியின் குறிப்புப் பத்தியில் போகும்; வரி உண்டா இல்லையா என்பதை அவை தீர்மானிக்கக் கூடாது. இந்த அளவுகோலை ‘ராஜா ராணி’க்கு வைத்துப் பார்த்தால் மூன்று வரி வரும்: ‘என் கணவன் என் தோழன்’ (டப்பிங்), ‘ராஜா ராணி’, ‘ராஜா ராணி 2’ (ரீமேக்). படத்துக்கு வரி கிடையாது.

‘விஜய் டிவி’ என்றால் எது

சேனலின் எல்லையை முதலில் கட்ட வேண்டும். 1994-இல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன், சுருக்கமாக ஜிஇசி என்ற பெயரில் தொடங்கிய சேனல் இது. பிறகு விஜய் மல்லையாவின் குழுமத்திடம் போய் ‘விஜய் டிவி’ ஆனது. 2001-இல் ஸ்டார் குழுமத்தின் கைக்கு வந்து ‘ஸ்டார் விஜய்’ ஆனது. 2019-இல் டிஸ்னி, 2024 நவம்பரில் ஜியோஸ்டார் என்று மேலே உள்ள முதலாளிகள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உரிமையாளர் மாறியதற்காகப் பட்டியலை வெட்டத் தேவையில்லை. ஒளிபரப்பு தொடர்ந்து ஓடிய ஒரே சேனல்தான். ஜிஇசி காலத்து நிகழ்ச்சிக்கும் இதே பட்டியலில் இடம் உண்டு, குறிப்பில் ‘ஜிஇசி காலம்’ என்று போட்டால் போதும்.

விஜய் சூப்பர் கதை வேறு. 2016-இல் தொடங்கிய தனிச் சேனல், தனி நேர அட்டவணை. அதற்குத் தனிப் பட்டியல்தான் சரி. ஹெச்டி சேனலில் வருவது அதே நிகழ்ச்சி என்பதால் அதற்கென்று வரி போட வேண்டியதில்லை.

நிறுவனப் பட்டியலையும் சேனல் பட்டியலையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. ஸ்டார் குழுமத்தின் வங்க, மலையாள, தெலுங்கு, மராத்திச் சேனல்கள் ஒன்றன் கதையை ஒன்று எடுத்துச் செய்கின்றன. ‘பாக்கியலட்சுமி’யின் மூலம் ஸ்டார் ஜல்ஷாவில் வந்த ‘ஸ்ரீமொயி’ என்ற வங்கத் தொடர். அதே மூலத்திலிருந்துதான் இந்தியில் ‘அனுபமா’வும் வந்தது. ‘பாரதி கண்ணம்மா’வின் மூலம் ஏசியாநெட்டின் ‘கறுத்தமுத்து’. இவை எல்லாம் ஒரே குழுமத்துக்குள் நடந்தவை. அதற்காக ‘ஸ்ரீமொயி’யையோ ‘கறுத்தமுத்து’வையோ விஜய் பட்டியலில் ஏற்ற முடியாது. மூலத்தின் பெயரும் மொழியும் குறிப்பில் இருக்கட்டும்.

டப்பிங்கை விடலாமா

‘சொந்த நிகழ்ச்சி மட்டும்’ என்று விதி போட்டு டப்பிங்கை மொத்தமாக நீக்கிவிடும் பட்டியல்கள் இருக்கின்றன. விஜய் டிவியைப் பொறுத்தவரை அது சேனலின் வரலாற்றில் பெரிய ஓட்டையைப் போட்டுவிடும். ‘இது காதலா’, ‘என் கணவன் என் தோழன்’, ‘மகாபாரதம்’, ‘சீதையின் ராமன்’, ‘ராதா கிருஷ்ணா’ எல்லாமே தமிழ்நாட்டு வீடுகளில் விஜய் டிவி நிகழ்ச்சியாகத்தான் அறியப்பட்டவை. அந்தத் தமிழ்க்குரல் வடிவம் முதலில் வெளிவந்ததும் இங்கேதான். எனவே சேர்க்க வேண்டும். ஆனால் தமிழில் எடுக்கப்பட்ட தொடர்களோடு கலக்காமல் தனிப் பகுதியாக.

இங்கே பெயர்க் குழப்பத்துக்கும் ஒரு கண் வேண்டும். 2013-இல் விஜய் டிவியில் வந்த ‘மகாபாரதம்’ ஸ்டார் பிளஸ் தொடரின் டப்பிங். அதே ஆண்டு சன் டிவியிலும் ‘மகாபாரதம்’ என்றே ஒரு தொடர் தொடங்கியது. அது தமிழிலேயே எடுத்தது. நடிகர் பெயரையோ இயக்குநர் பெயரையோ எடுத்துப் போடும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது மிகச் சுலபம்.

சீசன்: எங்கே ஒரு வரி, எங்கே இரண்டு

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி 2023 அக்டோபர் 28-ஆம் தேதி சனிக்கிழமை முடிந்தது. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. 30-ஆம் தேதி திங்கட்கிழமை ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ தொடங்கிவிட்டது. முதல் தொடரில் மூத்த அண்ணன் மூர்த்தியாக இருந்த ஸ்டாலின் முத்து, இரண்டாவதில் அப்பா பாண்டியனாக வந்தார். குடும்பமே புதிது, கதையும் புதிது. பார்ப்பவருக்கு இடைவெளி தெரியாது. ஆனால் பட்டியலில் இரண்டு வரிதான் வர வேண்டும். தொடர் என்ற வடிவத்தில் நீடிப்பது கதை. கதை முடிந்து புதுக்கதை தொடங்கினால் அது புது நிகழ்ச்சி, தலைப்பில் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் சரி. 2011 முதல் 2018 வரை மூன்று சீசன் கண்ட ‘சரவணன் மீனாட்சி’க்கு மூன்று வரி. ‘மௌன ராகம்’, ‘ஈரமான ரோஜாவே’ இரண்டுக்கும் இவ்விரண்டு வரி.

ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு இதே விதியைப் பொருத்தினால் பட்டியல் வீங்கிப்போகும். ‘பிக் பாஸ்’ 2017 ஜூன் 25-ஆம் தேதி தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு சீசன், போட்டியாளர்கள் புதியவர்கள். எட்டாவது சீசனில் கமல்ஹாசன் இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். ஆனாலும் அந்த வீடு, அந்த விதிகள், அந்த வார இறுதி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. இங்கே நீடிப்பது ஆட்டத்தின் விதிமுறை. எனவே ஒரே வரி. சீசன் ஆண்டுகளும் தொகுப்பாளர்களும் குறிப்பில். ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’க்கும் இதேதான்: 2012-இல் சூர்யா, அடுத்து பிரகாஷ்ராஜ், பிறகு அரவிந்த் சாமி. மூன்று தொகுப்பாளர், ஒரு நிகழ்ச்சி.

அதே வினாடி வினா வடிவத்தை 2000-இல் சன் டிவி ‘கோடீஸ்வரன்’ என்று சரத்குமாரை வைத்தும், பின்னாளில் கலர்ஸ் தமிழ் ‘கோடீஸ்வரி’ என்று ராதிகாவை வைத்தும் நடத்தின. இது விஜய் பட்டியலுக்குச் சம்பந்தமில்லாத செய்தி. சேனல் மாறினால் வரிசையே மாறிவிடும். ‘பிக் பாஸ் ஜோடிகள்’ போலக் கிளைத்து வந்த நிகழ்ச்சிக்கு விதிமுறையே வேறு என்பதால் தனி வரி தரலாம்.

தொகுப்பாளர் பெயரே தலைப்பில் இருந்தால்தான் சிக்கல். ‘காபி வித் அனு’, ‘காபி வித் டிடி’ இரண்டும் ஒரே சோபா, ஒரே கோப்பை, ஒரே மாதிரிப் பேட்டி. விதிமுறையை வைத்துப் பார்த்தால் ஒரு வரி, தலைப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு. தேடி வருபவர் தலைப்பை வைத்துத்தான் தேடுவார் என்பதால் இங்கே இரண்டு வரி போட்டு ஒன்றுக்கொன்று குறிப்பு கொடுப்பதே நல்லது. விதிக்கு இது விலக்குதான். விலக்கு என்று விதியின் கீழேயே எழுதி வைக்க வேண்டும்.

நடிகர் மாறினால் வரி மாறாது. ‘பாரதி கண்ணம்மா’வில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் விலகி வினுஷா தேவி வந்த பிறகும் கதையும் தலைப்பும் தொடர்ந்தன. 2023-இல் புதுக்கதையோடு வந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் புது வரி.

மகா சங்கமம்

வெளியூர்ப் பட்டியல்காரர்களுக்குத் தெரியாத ஒன்று இது. அடுத்தடுத்த அரைமணி நேரங்களில் ஓடும் இரண்டு தொடர்களின் குடும்பங்களைச் சில நாட்களுக்கு ஒரே கதைக்குள் கொண்டுவந்து, ஒரு மணி நேரமாக ஓட்டுவார்கள். பாண்டியன் ஸ்டோர்ஸ் குடும்பமும் பாக்கியலட்சுமி குடும்பமும் அப்படிச் சந்தித்திருக்கின்றன. அந்த நாட்களில் அட்டவணையில் இரண்டு தொடர்களின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அதைப் பார்த்துப் புதுத் தொடர் என்று வரி போட்டுவிடுகிறார்கள். இதற்கு வரி கிடையாது. எபிசோடு எண்ணிக்கையில்தான் இது கை வைக்கும்: ஒரு மணி நேர சங்கமத்தை ஒரு தொடருக்கு ஒரு எபிசோடாகக் கணக்கிடுவதா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதில் இடத்துக்கு இடம் எண் வேறுபடும். இரண்டு இடத்தில் எண் முரண்பட்டால் எபிசோடு பத்தியைக் காலியாக விடுவது நேர்மை. சராசரி எடுத்து ஓர் எண்ணைப் போடுவது பொய்.

சேராதவை

ஓடிடிக்கென்றே செய்தவை சேராது. 2022 ஜனவரி இறுதியில் தொடங்கிய ‘பிக் பாஸ் அல்டிமேட்’ டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடியது. கமல்ஹாசன் தொடங்கினார், பாதியில் சிம்பு ஏற்றுக்கொண்டார். விளம்பரம் எல்லாம் விஜய் முகத்தோடு இருந்தாலும் அது ஹாட்ஸ்டார் நிகழ்ச்சி. ‘கனா காணும் காலங்கள்’ இன்னும் நுட்பமானது: 2006-இல் விஜய் டிவியில் பள்ளிக்கூடக் கதையாக வந்தது ஒன்று, 2022-இல் ஹாட்ஸ்டாருக்காகச் செய்தது இன்னொன்று. முதலாவதுக்கு மட்டும் வரி. ஓடிடி நிகழ்ச்சி எதையாவது பிற்பாடு சேனலிலும் ஓட்டினால், சேனலில் ஓடத் தொடங்கிய நாளை வைத்து ‘முதலில் ஓடிடி’ என்ற குறிப்போடு சேர்க்கலாம்.

திரைப்படங்கள், பாட்டுத் தொகுப்புகள், பணம் கட்டி நேரம் வாங்கி ஓட்டும் விற்பனை, ஜோதிட நிகழ்ச்சிகள் சேராது. பொங்கல், தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிகளில் ஒருநாள் கூத்தாக வந்து போவதை விட்டுவிடலாம். பல ஆண்டுகள் அதே தலைப்பில் வந்த ‘விஜய் விருதுகள்’ போன்றவற்றைத் தனிப் பகுதியில் வைக்கலாம்.

மறு ஒளிபரப்புக்கும் வரி கிடையாது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது எல்லாச் சேனலும் பழைய பெட்டியைத் திறந்தன. சன் டிவி ‘மெட்டி ஒலி’யை எடுத்தது. தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை வந்த ‘ராமாயண்’, 2020 மார்ச் 28 முதல் டிடி நேஷனலில் மறுபடியும் ஓடியது. அடுத்த சில வாரங்களில் ஸ்டார் பிளஸும் அதை ஓட்டியது. தூர்தர்ஷன் பட்டியலில் அதற்கு 1987 மட்டுமே தொடக்க ஆண்டு. ஸ்டார் பிளஸ் பட்டியலில் அது ‘வாங்கி ஓட்டியவை’ பகுதிக்குப் போகும். அப்படி ஒரு பகுதி இல்லாத பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

ப்ரோமோ வந்துவிட்டது என்பதற்காக ஒரு நிகழ்ச்சியை ஏற்றக் கூடாது. தள்ளிப்போவதும் பெயர் மாறுவதும் கைவிடப்படுவதும் சகஜம். முதல் எபிசோடு ஓடிய மறுநாள் சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை.

நாளைச் சரிபார்ப்பது

கிழமை பார்ப்பதுதான் மிக மலிவான, மிகப் பயனுள்ள சோதனை. தினசரித் தொடர் பெரும்பாலும் திங்கட்கிழமை தொடங்கும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடங்கிய 1.10.2018 திங்கள். ‘பாக்கியலட்சுமி’யின் 27.7.2020 திங்கள். ‘ராஜா ராணி 2’-இன் 12.10.2020 திங்கள். ‘பிக் பாஸ்’ போன்ற பெரிய தொடக்க விழா ஞாயிறு இரவு, 25.6.2017 ஞாயிறுதான். ஒரு தினசரித் தொடர் வியாழக்கிழமை தொடங்கியதாக நாள் கிடைத்தால், அது ப்ரோமோ வந்த நாளாகவோ யூடியூபில் ஏற்றிய நாளாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உடனே நிராகரிக்காமல் அந்த வாரத்து நாளிதழின் ‘இன்றைய டிவி’ பகுதியைத் தேட வேண்டும்.

அந்தப் பகுதியிலும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. விஜய் டிவி தன் தொடர்களுக்குப் படப் பெயர்களை வைப்பதில் மிகுந்த விருப்பம் கொண்ட சேனல்: ‘மௌன ராகம்’, ‘சின்னத் தம்பி’, ‘ஈரமான ரோஜாவே’, ‘ஆயுத எழுத்து’, ‘காற்றின் மொழி’, ‘ராஜா ராணி’. பழைய நாளிதழில் ‘மௌன ராகம்’ என்று ஒரு வரி கிடைத்தால் அது 1986-இல் வந்த படத்தின் ஒளிபரப்பாகவும் இருக்கலாம். நேரத்தைப் பார்த்தால் தெளியும். அரைமணி இடைவெளியில் அடுத்த நிகழ்ச்சி இருந்தால் தொடர், மூன்று மணி நேரம் கழித்து இருந்தால் படம். ‘லொள்ளு சபா’ எபிசோடுகளைத் தேடும்போதும் கவனம் வேண்டும். அவை படங்களைக் கிண்டல் செய்தவை என்பதால் அந்தப் படங்களின் பெயரை ஒட்டியே அவற்றுக்கும் பெயர் இருக்கும்.

இணையச் சான்றுகள் நிலைப்பதில்லை. 2015-இல் ஹாட்ஸ்டார், 2020-இல் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டார், 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்று தளமே பெயர் மாறிவிட்டது. பழைய இணைப்புகளை மட்டும் நம்பிய வரிக்குச் சான்று இல்லாமல் போகும். டைட்டில் கார்டு தெரியும் படம், நாளிதழ்ப் பக்கம், இரண்டில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

சன் டிவிக்குப் பட்டியல் போடுபவர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை உண்டு. அங்கே நெடுங்காலம் நேரத்தைத் தயாரிப்பாளருக்குக் கட்டணத்துக்குக் கொடுத்து, விளம்பர நேரத்தில் ஒரு பங்கை அவரே விற்றுக்கொள்ளும் முறை இருந்தது. தொடர் சேனலில் வந்தாலும் சொத்து தயாரிப்பாளருடையதாகவே இருந்தது. அதனால்தான் விகடன் தயாரித்த ‘கோலங்கள்’ இன்று விகடனின் யூடியூப் பக்கத்தில் கிடைக்கிறது. அதைப் பார்த்து வலைத்தொடர் என்று எண்ணி சன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பெருந்தவறு. முதல் ஒளிபரப்பு என்ற அளவுகோல் இங்கேதான் கைகொடுக்கிறது: யூடியூபில் எங்கே கிடந்தாலும் அது முதலில் ஓடியது சன் டிவியில்.

பெயரும் வரிசையும்

பெயரை டைட்டில் கார்டில் இருப்பதுபோல் எழுத வேண்டும். ‘குக்கு வித் கோமாளி’யை ‘குக் வித் கோமாளி’ என்று திருத்துவது நம் வேலை இல்லை. விளம்பரதாரர் பெயரை மட்டும் வெட்டலாம்: ‘ஏர்டெல் சூப்பர் சிங்கர்’ என்று பல ஆண்டுகள் அழைக்கப்பட்டது ‘சூப்பர் சிங்கர்’ என்ற வரியில் நிற்கும். இல்லாவிட்டால் விளம்பரதாரர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புது நிகழ்ச்சி பிறந்துவிடும். ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ தனிப் போட்டி, தனி வயது வரம்பு. அதற்குத் தனி வரி.

அகரவரிசையைக் கணினியிடம் அப்படியே விட்டுவிடக் கூடாது. கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையில் ‘ஜ’ எழுத்து ‘ச’-வுக்கு அடுத்து வரும். ‘ஜோடி நம்பர் ஒன்’ ‘த’-வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். ‘ன’ ‘ந’-வை ஒட்டியும், ‘ற’ ‘ர’-வை ஒட்டியும் நிற்கும். தமிழ் அகராதி பழகிய கண் அங்கே தேடாது. முதல் ஒளிபரப்பு ஆண்டு வாரியாக அடுக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஒரே ஆண்டுக்குள் வருபவற்றைக் கையால் ஒழுங்குபடுத்தினால் போதும்.

‘தற்போது ஒளிபரப்பாகிறது’ என்ற சொல்லைப் பட்டியலில் எங்கும் எழுதக் கூடாது. ‘நீயா நானா’வுக்கு ‘2006 முதல்’ என்று போட்டு, பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் எழுதினால், மூன்று வருடம் கழித்துப் பார்ப்பவரும் எதை நம்பலாம் என்று தெரிந்துகொள்வார்.

மிகவும் மெலிந்து கிடப்பது 2001-க்கு முந்தைய பகுதி. அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் ஓடிடியில் இல்லை, யூடியூபிலும் துண்டு துண்டாகத்தான். நினைவிலிருந்து வரும் பெயர்களை நாள் இல்லாமலேயே ‘சான்று தேவை’ என்ற தனிப் பகுதியில் வைக்கலாம். ஆண்டை ஊகித்துப் போட வேண்டாம். கன்னிமாரா நூலகத்தில் அந்த ஆண்டுகளின் நாளிதழ்த் தொகுப்புகளை எடுத்து, மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் டிவி பகுதியை மட்டும் குறிப்பெடுத்தால், ஓர் ஆண்டுக்கு இருபத்துநான்கு பக்கம். 1994 தொடங்கி 2000 முடிய ஏழு ஆண்டுக்கு நூற்று அறுபத்தெட்டு பக்கம். ஒரு பெயர் முதலில் தென்படும் மாதத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்துக்கும் இடையே உள்ள நான்கைந்து திங்கட்கிழமைகளை மட்டும் பிறகு தனியாகப் பார்த்தால் தொடக்க நாள் கிடைத்துவிடும்.